ரோம் நகரை இரண்டே நாளில் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரோமுக்கு இரண்டு நாள் மட்டும் ஒதுக்கி வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுகிறார்கள். கிழமையைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். அங்கேதான் பயணம் கெடுகிறது. இந்த ஊரில் எது எந்தக் கிழமையில் மூடியிருக்கும், எதற்கு எத்தனை மணிக்குக் கூட்டம் சேரும் என்று தெரிந்துகொண்டால் இரண்டு நாளே தாராளம்.

நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தாக வேண்டிய இடங்கள் இரண்டுதான்: கொலோசியம் என்கிற பழைய ரோமானிய அரங்கம், வத்திக்கான் அருங்காட்சியகம். இரண்டையும் ஒரே நாளில் வைக்கக் கூடாது. ஒன்றை ஒரு நாள் காலையிலும் மற்றதை அடுத்த நாள் காலையிலும் வைத்துவிட்டால், மீதி எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். கொலோசியத்திலிருந்து வத்திக்கான் வரை நேராக நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. முக்கியமானவை எல்லாம் அந்த ஒரு கோட்டையொட்டியே இருக்கின்றன.

கிழமையைத் தேர்ந்தெடுப்பது

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலை 9 முதல் 2 மணி வரை இலவசமாகத் திறப்பார்கள். இலவசம் என்பதாலேயே அன்று உள்ளே நிற்க இடமிருக்காது. ஞாயிறு மூடியிருப்பதால் சனியும் திங்களும் கூட்டம் பிதுங்கும். புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் பொதுமக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி பேதுரு சதுக்கத்தில் நடந்தால், அது முடியும் வரை பேதுரு பேராலயத்துக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஆகவே வத்திக்கானுக்கு ஏற்றவை செவ்வாய், வியாழன், வெள்ளி.

புதனன்று பழைய ரோம், வியாழனன்று வத்திக்கான் என்று வைத்துக்கொள்வது மிகச் சிறந்த இணை. வார இறுதியில்தான் வர முடியும் என்றால் சனிக்கிழமை வத்திக்கான், ஞாயிறு கொலோசியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொலோசியத்துக்கு முன்னால் போகும் ஃபோரி இம்பீரியாலி சாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவதால் நடக்கச் சுகமாக இருக்கும். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறைத் தவிருங்கள். அன்று கொலோசியமும் பாந்தியன் என்கிற பழைய ரோமானியக் கோயிலும் இலவசம். கொலோசியத்துக்கு முன்பதிவே கிடையாது, வெயிலில் வரிசையில் நின்றே அரை நாள் போய்விடும்.

பண்டிகை நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1, 6, ஜூன் 29, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஜூன் 29 பேதுரு, பவுல் திருநாள், ரோம் நகருக்கே விடுமுறை. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நடப்பதற்கு இதமானவை. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும் வெயில், பழைய ஊரின் மையமான ரோமன் ஃபோரத்தில் ஒதுங்க நிழலும் குறைவு.

டிக்கெட் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

கொலோசியம் டிக்கெட் அதன் அதிகாரபூர்வ இணையதளத்தில் 30 நாளுக்கு முன்பு விற்பனைக்கு வரும். சாதாரண டிக்கெட் 18 யூரோ. கொலோசியத்துக்குள் குறித்த நேரத்தில் ஒரு முறையும், ரோமன் ஃபோரம், பாலடைன் குன்று இரண்டும் சேர்ந்த வளாகத்துக்குள் ஒரு முறையும் போகலாம். 24 மணி நேரம் செல்லும். நல்ல நேரங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும் என்பதால் 30ஆம் நாள் கணக்கை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அது கிடைக்காவிட்டால், விளையாட்டுத் தளத்திலோ அதன் அடியில் உள்ள சுரங்க அறைகளிலோ நடக்கவிடும் 24 யூரோ டிக்கெட்டைப் பாருங்கள். அது இரண்டு நாள் செல்லும். 6 யூரோ கூடுதலுக்குத் தகுந்த மதிப்பும் உண்டு.

2023 அக்டோபரிலிருந்து இந்த டிக்கெட்டில் பெயர் அச்சிடப்படுகிறது, வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இன்ஷியலோடு பெயர் எழுதிப் பழகிய நமக்கு இங்கே ஒரு சிக்கல். படிவம் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்கும். வழக்கமாகக் கையெழுத்துப் போடுகிற பெயரையோ இன்ஷியலை மட்டுமோ போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே போடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அதில் உள்ள பெயரையே இரண்டாகப் பிரித்து இரு கட்டங்களிலும் நிரப்புங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை, ஆனாலும் பூஜ்ய விலை டிக்கெட் ஒன்றை அவர்கள் பெயரில் எடுத்தே ஆக வேண்டும். இதை மறந்துவிட்டுக் குழந்தையோடு வாசலில் நிற்கும் குடும்பங்கள் நிறைய.

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு 20 யூரோ, ஆன்லைன் பதிவுக்குக் கூடுதலாக 5 யூரோ. அந்த 5 யூரோவைச் சேமிக்க நினைக்காதீர்கள். முன்பதிவு இல்லாதவர்களின் வரிசை மதில் ஓரமாக நீண்டு இரண்டு மணி நேரத்தையும் தின்றுவிடும். அந்த வரிசையைச் சுற்றித்தான் ‘வரிசையில்லா டிக்கெட்’ என்று அடையாள அட்டை மாட்டிய தரகர்கள் மொய்ப்பார்கள். தெருவில் வாங்கும் எதுவும் விலை கூடுதலாகத்தான் இருக்கும்.

பாந்தியனுக்கு 5 யூரோ. பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணமில்லை, கோபுரத்துக்கு மட்டும் உண்டு.

விமான நிலையத்திலிருந்து

ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் இறங்கினால், லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 14 யூரோவுக்கு 32 நிமிடத்தில் இடையில் எங்கும் நிற்காமல் நகரின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினியில் விடும். அதே நடைமேடைகளில் 8 யூரோ சாதாரண ரயிலும் நிற்கும். அது தெர்மினிக்குப் போகாது. திராஸ்தேவெரே, ஓஸ்தியென்ஸே வழியாகத் திபுர்தினா பக்கம் போய்விடும். விலையைப் பார்த்து ஏறிவிட்டுத் தெர்மினி எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. காகித டிக்கெட் என்றால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் அபராதம். நான்கு பேராக வந்தால் டாக்ஸியே லாபம்: நகர மையத்தைச் சூழ்ந்த பழைய அவுரேலியன் மதிலுக்குள் எந்த முகவரிக்கும் நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ, பெட்டிகளும் அதில் அடக்கம். வெள்ளை நிற அதிகாரபூர்வ டாக்ஸியாகப் பார்த்து, ஏறும்முன் அந்தத் தொகையைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் முறை ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லைக்குள் வருகிறவர்களிடம் கைரேகையும் புகைப்படமும் எடுக்கும் புதிய முறை 2025 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. குடியேற்றச் சோதனைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். விமானம் இறங்கும் அன்றே கொலோசியம் டிக்கெட்டைப் போட வேண்டாம்.

தங்குவதற்கு, தெர்மினிக்கும் கொலோசியத்துக்கும் நடுவில் இருக்கும் மோன்டி பகுதி இந்தத் திட்டத்துக்குப் பொருத்தமானது. அங்கிருந்து முதல் நாள் முழுக்க நடைதான், இரண்டாம் நாள் காலை மட்டும் ஒரு மெட்ரோ. அறை வாடகைக்கு மேல், ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள், அது ஏமாற்று அல்ல.

முதல் நாள்: பழைய ரோம்

காலை 8.30 அல்லது 9 மணி டிக்கெட்டாக எடுங்கள். கொலோசியத்துக்குள் போவதற்கு முன் வெளிப்புறத்தை நின்று பாருங்கள். வளைவுகளுக்கு மேல் ரோமன் எண்கள் செதுக்கியிருப்பது தெரியும். அவை நுழைவாயில் எண்கள். கி.பி. 80இல் பேரரசர் தித்துஸ் திறந்துவைத்த இந்த அரங்கில் 80 வாயில்கள், பொதுமக்களுக்கானவை எண்ணிட்டவை. அவரவர் கையில் இருந்த சீட்டின் எண்ணைப் பார்த்து அவரவர் வாயிலில் நுழைந்தார்கள். சுவரெங்கும் அம்மை வடுபோலத் தெரியும் குழிகள், கற்களை இணைத்திருந்த இரும்புக் கொக்கிகளை இடைக்காலத்தில் பெயர்த்தெடுத்ததால் வந்தவை. உள்ளே ஒன்றேகால் மணி நேரம் போதும். மேல் தளத்துக்கு முதலில் ஏறிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு வாருங்கள்; கூட்டம் எதிர்த்திசையில் நகரும்.

அடுத்தது பாலடைன், ஃபோரம். இங்கே வாசல் தேர்வுதான் முக்கியம். கொலோசியத்திலிருந்து வெளியே வருகிற கூட்டம் முழுவதும் கண்ணெதிரே இருக்கும் தித்துஸ் வளைவு வாசலுக்கே போகும். நீங்கள் இடப்புறம் திரும்பி சான் கிரெகோரியோ சாலையில் ஐந்து நிமிடம் நடந்தால், பாலடைன் குன்றின் அடிவார வாசல் வரும். வரிசை பெரும்பாலும் சிறியது. அதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்றும் உண்டு: வெயில் ஏறுமுன் குன்றை ஏறி முடித்துவிட்டு, உச்சியிலிருந்து ஃபோரம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்தபின் கீழே இறங்குவீர்கள். ஃபோரத்துக்குள் நேராக நுழைகிறவர்களுக்கு அது உடைந்த கற்குவியலாகவே தோன்றும். மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெருவும் கோயிலும் சபையும் பிடிபட்டுவிடும்.

கீழே இறங்கியதும் தித்துஸ் வளைவின் உட்பக்கத்தைப் பாருங்கள். கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தைக் கொள்ளையிட்டு, ஏழு கிளை விளக்கைத் தூக்கி வரும் ஊர்வலம் அங்கே சிற்பமாக நிற்கிறது. அங்கிருந்து புனித வீதியில் இறங்கினால் வலப்புறம் மக்சென்சியுஸ் மண்டபத்தின் மூன்று மாபெரும் வளைவுக் கூரைகள் தெரியும். இந்த மண்டபம் எழுவதற்கு முன் இதே இடத்தில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. பொன்னைக் கொடுத்துக் கறி என்கிற மிளகை ஏற்றிப்போன யவனர்கள் சங்கப் பாடல்களில் வருகிறார்கள் அல்லவா, அந்த மிளகு வந்து இறங்கிய ஊர் இது. சேர நாட்டு முசிறியில் தொடங்கிய கடல்வழியின் மறுமுனையில் நிற்கிறோம் என்று தெரிந்து நின்றால் அந்த இடம் வேறு மாதிரி இருக்கும்.

சற்றுத் தள்ளி அந்தோனினுஸ், ஃபௌஸ்தினா கோயில். அதன் தூண்களின் உச்சியில் சாய்வான வெட்டுகள் இருக்கும், கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப் பார்த்ததன் தழும்புகள் என்பார்கள். பச்சைக் கதவு ஒன்று தரைக்கு மிக உயரத்தில் தொங்குகிறது. கோயில் தேவாலயமாக மாறியபின், மண் மேவி மேவி அந்த உயரத்துக்குத் தரை வந்திருந்தது. அகழாய்வில் மண்ணை எடுத்தபின் கதவு அந்தரத்தில் நின்றுவிட்டது. ஃபோரம் எவ்வளவு ஆழத்தில் புதைந்து கிடந்தது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. எதிரே, கூரை போட்ட தாழ்வான மண்மேடு ஜூலியஸ் சீசரை எரியூட்டிய இடம். இன்றும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பாலடைனுக்கும் ஃபோரத்துக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியே போனால் மீண்டும் அதே டிக்கெட்டில் நுழைய முடியாது, எனவே சாப்பாட்டுக்கு நடுவில் வெளியேறாதீர்கள். ஃபோரி இம்பீரியாலி பக்கம் வெளியேறி, கி.பி. 113இல் நிறுத்திய திராஜன் தூணைத் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு, மதிய உணவை முடித்துக்கொண்டு காப்பிடோல் குன்றுக்குப் படியேறுங்கள். மேலே உள்ள சதுக்கம் மைக்கேலாஞ்சலோ வடிவமைத்தது. நகரமன்றக் கட்டடத்தின் வலப்பக்கமாகப் பின்னால் போனால் ஃபோரத்தின் மறுமுனைக் காட்சி கிடைக்கும், காசு கிடையாது.

அங்கிருந்து பாந்தியன் 15 நிமிட நடை. கடைசி நுழைவு 6.30 மணி, மாலை 4 மணிக்குள் போய்விடுவது நல்லது. முகப்பில் முதலில் கட்டிய தளபதி அக்ரிப்பாவின் பெயர் இருந்தாலும், இப்போது நிற்பது பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் முடிந்த கட்டடம். உள்ளே குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சி வரையான உயரமும் ஒரே அளவு, ஏறத்தாழ 43.3 மீட்டர். அதாவது ஒரு முழு உருண்டை உள்ளே பொருந்தும். இரும்புக் கம்பி எதுவும் சேர்க்காத கான்கிரீட்டில் இவ்வளவு பெரிய குவிமாடம் இன்றுவரை வேறு இல்லை. மேலே போகப் போகக் கலவையில் கனமான கல்லைக் குறைத்து, உச்சியில் நுரைக்கல்லைச் சேர்த்ததுதான் சூட்சுமம். நடுவில் உள்ள வட்டத் துவாரத்துக்கு மூடி இல்லை; மழை உள்ளேயே பெய்யும். தரை லேசாகப் புடைத்திருப்பதையும் நடுவில் வடிகால் துளைகள் இருப்பதையும் தேடிப் பாருங்கள். ஓவியர் ரஃபேலின் கல்லறையும் இங்கேதான்.

பாந்தியனிலிருந்து ட்ரெவி நீரூற்று பத்து நிமிடம், அங்கிருந்து ஸ்பானியப் படிகள் இன்னொரு பத்து நிமிடம். மாலையில் ட்ரெவியில் தலைகள்தான் தெரியும். தண்ணீருக்கு அருகே இறங்குவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 11 மணிவாக்கில் திரும்பி வாருங்கள். விளக்கொளியில் அது வேறொரு இடம். குளத்தில் போடும் காசை நகரம் அறப்பணிக்குக் கொடுக்கிறது, அதை எடுப்பது குற்றம். ஸ்பானியப் படிகளில் உட்காரக் கூடாது. 2019 முதல் அபராதம் உண்டு, காவலர்கள் விசில் ஊதி எழுப்பிவிடுவார்கள்.

இரண்டாம் நாள்: வத்திக்கான்

காலை 8 மணிக்கு அருங்காட்சியகம், அது முடிந்தபின் பேராலயம் என்றுதான் பலரும் திட்டமிடுகிறார்கள். விளைவு: நண்பகலில், களைத்த காலோடு, பேதுரு சதுக்கத்தின் வெயிலில் பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பது. இதைத் தலைகீழாக்குங்கள். அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த டிக்கெட் இருக்கிறது, பேராலயத்தின் பொது வரிசைக்கு அது கிடையாது. காலியாக இருக்கும் நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பது தெளிவு.

பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கும். தெர்மினியில் மெட்ரோ ஏ பாதையில் ஏறி ஒத்தாவியானோவில் இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள். மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, வங்கி அட்டையை வாயில் இயந்திரத்தில் தட்டினாலே போதும். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும்.

தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், ஆண்களுக்கும் இதே விதிதான். சுடிதார், முழுக்கால் சட்டை போன்றவற்றுக்குச் சிக்கலில்லை. அரைக்கால் சட்டையும் கையில்லாத மேலாடையும் வாசலிலேயே நிறுத்தப்படும். கைப்பையில் ஒரு துப்பட்டா இருந்தால் பிழைத்தீர்கள்.

உள்ளே நுழைந்ததும் வலப்புற முதல் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோவின் பியத்தா, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் சிலை. 1972இல் ஒருவன் சுத்தியலால் தாக்கிச் சேதப்படுத்திய பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். காலை 7 மணிக்கு அதன் முன் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள், அதற்காகவே சீக்கிரம் எழலாம். நடு வழியின் தரையில் பித்தளை எழுத்துகள் பதித்திருக்கும். உலகின் மற்றப் பெரிய தேவாலயங்களை இங்கே வைத்தால் அவை எதுவரை வரும் என்று காட்டும் குறிகள் அவை. அளவு சரியாகப் பிடிபடுவது அப்போதுதான்.

கோபுரம் 7.30க்குத் திறக்கும். மொத்தம் 551 படிகள். லிஃப்டில் மொட்டைமாடி வரை போனாலும் மேலே 320 படிகளை ஏறியே ஆக வேண்டும். கடைசிப் பகுதி குவிமாடத்தின் வளைவோடு சாய்ந்த குறுகிய சந்து. நடுவில் திரும்பி இறங்க வழியில்லை. மூச்சுத் திணறலோ முழங்கால் வலியோ உள்ளவர்கள் மொட்டைமாடியோடு நின்றுவிடலாம்.

அருங்காட்சியக வாசல் பேராலயத்துக்கு அடுத்தாற்போல் இல்லை. மதிலைச் சுற்றி 15 முதல் 20 நிமிடம் நடக்க வேண்டும். ஆகவே 10 மணி டிக்கெட் சரியாக இருக்கும். பேராலயத்தை விட்டுப் புறப்படும்முன் சதுக்கத்தில், சதுரத்தூணுக்கும் நீரூற்றுக்கும் இடையே தரையில் ஒரு வட்டக் கல்லைத் தேடுங்கள். அதன்மேல் நின்று பார்த்தால் சிற்பி பெர்னினி அமைத்த நான்கு வரிசைத் தூண்களும் ஒன்றன்பின் ஒன்று மறைந்து ஒரே வரிசையாகிவிடும்.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவுமே மனதில் நிற்காது. மூன்று மணி நேரத்துக்கு இது போதும்: எண்கோண முற்றத்தில் 1506இல் தோண்டியெடுத்த லாவோகூன் சிற்பம், 120 மீட்டர் நீள வரைபடக் கூடம், ரஃபேல் அறைகள், சிஸ்டைன் சிற்றாலயம். வரைபடக் கூடத்தைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரியும். கூட்டம் இடப்புறம் சிஸ்டைனுக்குக் குறுக்கு வழியில் போகும். நீங்கள் ‘ஸ்டான்ஸே தி ரஃபாயெல்லோ’ (ரஃபேல் அறைகள்) என்ற பலகையைப் பின்தொடருங்கள். இங்கே தவறினால், ஒருவழிப் பாதை என்பதால், திரும்பி வருவது பெரும்பாடு.

சிஸ்டைனில் படம் எடுக்கத் தடை, பேசவும் தடை. நடுவில் நின்று கழுத்தை வளைக்காதீர்கள். பக்கச் சுவரையொட்டி இருக்கும் பெஞ்சில் இடம் வரும்வரை காத்திருந்து உட்காருங்கள். 1508 முதல் 1512 வரை வரைந்த கூரையில் கதை பீடத்துக்கு மேலிருந்து, ஒளியைப் பிரிப்பதில் தொடங்கி, எதிர்முனையில் நோவாவில் முடிகிறது. மைக்கேலாஞ்சலோ வரைந்ததோ நேர்மாறாக, நோவாவிலிருந்து. தரையிலிருந்து பார்த்தபோது உருவங்கள் சிறிதாகவும் நெரிசலாகவும் தெரிந்ததால் பிறகு பெரிதாக்கினார். அந்த எதிர்முனையிலிருந்து பீடத்தை நோக்கிக் கண்ணை நகர்த்தினால் அவர் கை தெளிந்து வருவதை நீங்களே பார்க்கலாம். பீடச் சுவரில் உள்ள இறுதித் தீர்ப்பு அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத் தொடங்கியது.

பிற்பகலில் ஹாட்ரியனின் கல்லறையாக எழுந்த சாந்தாஞ்செலோ கோட்டையை வெளியிலிருந்து பார்த்து, தேவதூதர் சிலைகள் நிற்கும் பாலத்தைக் கடந்து நவோனா சதுக்கத்துக்கு நடங்கள். நடு நீரூற்றில் பெர்னினி 1651இல் முடித்த நான்கு நதிகளில் ஒன்று கங்கை. கையில் துடுப்போடு இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். அருகே உள்ள சான் லூயிஜி தேவாலயத்தில் காரவாஜ்ஜோ வரைந்த மத்தேயு ஓவியங்கள் மூன்று இருக்கின்றன, கட்டணமில்லை. விளக்கெரிய நாணயம் போட வேண்டும், சில்லறை வைத்திருங்கள். நடு ஊர்த் தேவாலயங்கள் பல 12.30 முதல் 3 மணி வரை மூடியிருக்கும். பிறகு காம்போ தே ஃபியோரி சதுக்கம், சிஸ்தோ பாலம், அக்கரையில் திராஸ்தேவெரே. சாந்தா மரியா தேவாலயத்தின் 12ஆம் நூற்றாண்டு மொசைக்கைப் பார்த்துவிட்டு அந்தச் சந்துகளிலேயே இரவு உணவு.

சாப்பாடு, தண்ணீர், பணப்பை

சைவம் உண்பவர்களுக்கு ரோம் சிரமமில்லை. பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேர்த்த காச்சோ எ பெப்பே இந்த ஊரின் சொந்தப் பாஸ்தா. கார்பொனாராவிலும் அமாத்ரிச்சானாவிலும் பன்றி இறைச்சி உண்டு. சுப்ளி என்கிற அரிசி உருண்டையிலும் பல கடைகளில் இறைச்சிக் குழம்பு சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். பெக்கொரினோ பாலாடைக்கட்டியை உறைய வைக்க விலங்கின் இரைப்பை நொதி சேர்ப்பது வழக்கம். அதையும் தவிர்ப்பவர்களுக்குத் தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய் மட்டும் உள்ள மரினாரா பீட்சா. வெட்டி எடை போட்டு விற்கும் பீட்சாக் கடை மதியத்துக்கு மலிவு, விரைவு. காபியை நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை.

தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்க வேண்டாம். தெருவெங்கும் வார்ப்பிரும்பால் ஆன நாசோனி குழாய்களில் நல்ல குடிநீர் ஓயாமல் ஓடும். வாயை விரலால் அடைத்தால் மேல் துளையிலிருந்து பீறிடும், குனியாமல் குடிக்கலாம். கண்ணாடிப் பாட்டிலைக் கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள். பிளாஸ்டிக்கோ எஃகோ கொண்டு போங்கள். தரையெல்லாம் கருங்கல் பாவியது, மழையில் வழுக்கும். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு முதல் நாளிலேயே காலைக் கொன்றுவிடும்.

தெர்மினிக்கும் வத்திக்கானுக்கும் இடையே ஓடும் 64ஆம் எண் பேருந்தும், மெட்ரோ ஏ பாதையும் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனவை. கதவு மூடும் நொடியில்தான் கை வேலை செய்யும், ஆகவே கதவருகே நிற்காதீர்கள். கொலோசியம் வாசலில் மணிக்கட்டில் கயிறு கட்டிவிட வருகிறவர்களுக்கும், வீரர் வேடத்தில் படம் எடுக்க அழைப்பவர்களுக்கும் கையை நீட்டாமல் நடந்துகொண்டே இருங்கள்.

மூன்றாம் நாள் காலை அரை நாள் மிஞ்சினால் போர்கேசே கலைக்கூடம். முன்பதிவு கட்டாயம், குழு குழுவாக விடுவார்கள், உள்ளே இருக்க இரண்டு மணி நேரம்தான், திங்கள் விடுமுறை. பெர்னினியின் அப்பல்லோ, டாஃப்னே சிற்பத்தில் விரல் நுனிகள் இலையாக மாறும் இடத்தைச் சுற்றி நடந்து எல்லாப் பக்கமும் பாருங்கள். முடிந்ததும் தெர்மினிக்குப் பேருந்தில் வந்து விமான நிலைய ரயிலைப் பிடித்துவிடலாம். ஃபியுமிச்சினோவில் விமானம் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பாவது தெர்மினியில் இருங்கள்.